அரசுப் பள்ளி மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்சாரம்: செய்முறை

முதலில் மின்கட்டண அட்டையையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு வகுப்பறை வகுப்பறையாகப் போங்கள். எட்டு அறை உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியைக் கணக்கிடுவோம். அறைக்கு 75 வாட் மின்விசிறி இரண்டு, 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டு என்றால் மொத்தம் 1,520 வாட். ஆறு மணி நேரம் ஓடினால் 9 யூனிட். பத்துக் கணினிகள் மூன்று மணி நேரம் ஓட 3 யூனிட், 1 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓட முக்கால் யூனிட். ஆக ஒரு பள்ளி நாளுக்குச் சுமார் 13 யூனிட். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். எனவே 3 கிலோவாட் போதும், 540 வாட் பேனல் ஆறு. நன்கொடை கிடைக்கிறது என்பதற்காக 10 கிலோவாட் போடாதீர்கள். சனி, ஞாயிறு, மே மாதம் எல்லாம் பள்ளி பூட்டியிருக்கும். அத்தனை மின்சாரமும் வெளியே, மின்வாரியக் கம்பிக்குப் போகும்.

மின்வாரியத்திடம் பள்ளிக்கு அனுமதி பெற்ற மின்பளு (ஒரே நேரத்தில் இழுக்க அனுமதித்த கிலோவாட்) எவ்வளவு என்றும் பாருங்கள். 2 கிலோவாட் இணைப்பில் 3 கிலோவாட் சோலார் போடுவதென்றால் பளுவையும் உயர்த்த வேண்டியிருக்கும். அதை மின்வாரியத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் வீடுகளுக்கு மட்டுமே, பள்ளிக்குக் கிடைக்காது. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும், கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ (ஊராட்சி ஒன்றியம் அல்லது பொதுப்பணித்துறை) அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதலும் கையில் இருக்கட்டும்.

மாடியும் நிழலும்

3 கிலோவாட்டுக்கு 300 முதல் 350 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஓட்டுக் கூரையையும், கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் தளத்தையும் விட்டுவிடுங்கள்.

நிழலை மார்கழியில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடக்கே நீளும். ஆனால் நம் ஊரில் ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், அப்போது நிழல் தெற்கே விழும். ஆகவே தொட்டிக்கு வடக்கே மட்டுமல்ல, தெற்கே ஒட்டிய இடமும் ஆகாது. பேனல்கள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றில் விழும் நிழல் வரிசை முழுவதன் உற்பத்தியையும் இழுத்துவிடும். வேப்பமரம் மறைத்தால் பேனலை நகர்த்துங்கள். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் மரத்தை வெட்ட வேண்டாம்.

சட்டமும் இணைப்பும்

பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 12 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். சாய்வு அதற்கும் குறைந்தால் மழைநீர் வழிந்தோடாமல் கீழ் விளிம்பில் தூசி படியும். சட்டம் சூடான துத்தநாக முலாம் பூசியதாக இருக்கட்டும், வெறும் பெயின்ட் அடித்த இரும்பு கடலோரத்தில் தாங்காது. சட்டக்காலைத் தட்டோட்டுத் தளத்தில் துளைபோட்டு மாட்டினால் அடுத்த ஐப்பசியிலேயே வகுப்பறையில் ஒழுகும். கான்கிரீட் கட்டைகள் வார்த்து அதில் போல்ட் பதியுங்கள். ஓர் அடிக் கன சதுரக் கட்டை சுமார் 65 கிலோ இருக்கும். 2018 கஜா புயலைப் பார்த்த டெல்டா மாவட்டங்களில் அந்த எடையை மட்டும் நம்பக் கூடாது. கட்டைகளைத் தளத்தோடு கம்பியால் பிணைப்பதையும், காற்று வேகக் கணக்கையும் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள்.

ஆறு பேனல் தொடராக இணைந்தால் ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) வரும். வெயில் இருக்கும்வரை அதை அணைக்க வழியில்லை. ஆகவே வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்ய வேண்டும். 4 சதுர மி.மீ. சோலார் கேபிள், பேனல் பக்கம் டி.சி. பெட்டி, மெயின் போர்டு பக்கம் ஏ.சி. பெட்டி, இரண்டிலும் மின்னெழுச்சித் தடுப்பான் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுப்பது), இடிதாங்கி ஆகியவை கட்டாயம். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர்களில் வெவ்வேறு கம்பெனியுடையதை ஒன்றோடொன்று மாட்டாதீர்கள். பொருந்துவதுபோல் தெரிந்தாலும் உள்ளே தளர்ந்து சூடேறி எரியும், சோலார் தீ விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். எர்த்திங் குழி மூன்று: பேனல் சட்டத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. மண் காய்ந்த சித்திரையில் அளந்தும் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

பேனலின் டி.சி. மின்சாரத்தை விசிறி, விளக்குக்கான ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத, காற்றோட்டமுள்ள நிழலில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். கரண்ட் போனால் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் விசிறி ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. மேலே சொன்ன விசிறி, விளக்குகளை ஒரு மணி நேரம் ஓட்ட 2.5 யூனிட் லித்தியம் பேட்டரி போதும்.

உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீட்டர் பொருத்தும் முன் ஸ்விட்சைப் போடாதீர்கள். பழைய டிஜிட்டல் மீட்டர்கள் பல, வெளியே போகும் மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே எண்ணும். மீட்டர் பொருத்தும்வரை ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

பிறகு

பள்ளிச் சோலார்கள் பெரும்பாலும் பழுதாகி நிற்பதில்லை, கவனிக்க ஆளில்லாமல் நிற்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை 7 மணிக்கு முன் தண்ணீர் ஊற்றித் துடைக்க ஒருவரைச் சம்பளம் பேசி நியமியுங்கள். மாணவர்களை மாடி ஏற்றக் கூடாது, மாடிக் கதவு பூட்டியே இருக்கட்டும். உச்சி வெயிலில் கண்ணாடி மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். உப்புப் போர்த்தண்ணீர் வெள்ளையாகப் படிந்துவிடும், ஈரம் காயுமுன் ரப்பர் துடைப்பானால் வழித்துவிடுங்கள். சோப்பு வேண்டாம்.

தண்ணீர் மோட்டாரைக் காலை 8 மணிக்குப் போடும் வழக்கத்தை, பேனல் நன்றாக உற்பத்தி செய்யும் 11 மணிக்கு மேல் மாற்றுங்கள். இன்வெர்ட்டர் காட்டும் தினசரி யூனிட்டை எட்டாம் வகுப்புக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். நல்ல வெயில் வாரத்தில் 12, 13 வந்த இடத்தில் 9 வந்தால் பேனலில் தூசியா, புதுக் கிளையின் நிழலா, டி.சி. பெட்டியில் ஃபியூஸ் போயிருக்கிறதா என்று அந்த வரிசையிலேயே பாருங்கள். பெட்டியைத் திறப்பது மட்டும் மின்பணியாளர் வேலை.