கைக்கு அடக்கமான டார்ச்: முதலில் மங்கலான வெளிச்சத்தைப் பாருங்கள்

ஒரு நள்ளிரவு. குழந்தைக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க டார்ச்சை அழுத்தினேன். எடுத்த எடுப்பிலேயே முழு வெளிச்சம். அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. எனக்கோ கண் கூசி, தெர்மாமீட்டரின் கண்ணாடியில் வெள்ளைப் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த டார்ச்சிலும் குறைந்த வெளிச்சம் இருந்தது. ஆனால் முழு வெளிச்சத்தைத் தாண்டித்தான் அதற்குப் போக முடியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டார்ச் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

படி 1: சின்ன எண்ணைத் தேடுங்கள்

அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது அதிகபட்ச லூமென். லூமென் என்றால் டார்ச்சிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, மிகக் குறைந்த மோடு, அதாவது வெளிச்ச நிலை, எத்தனை லூமென் என்று பாருங்கள். தூங்குகிறவர்களை எழுப்பாமல் எழுந்து நடமாட 1 லூமெனே தாராளம். அலமாரியில் தேட, புத்தகம் படிக்க 10 முதல் 30 வரை போதும். இருட்டில் நடக்க 100 சுமார். தூரத்தில் இருப்பதைப் பார்க்க 300க்கு மேல்.

இன்னொன்று, லூமென் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரியாது. அப்படித் தெரிய ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். அதனால் 300, 400, 500 என்று மூன்று மோடு இருந்தாலும் கையில் பிடித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். 1, 15, 100, 400 என்று தள்ளித்தள்ளி இருந்தால்தான் நான்கும் உண்மையிலேயே நான்கு மோடு.

படி 2: முதல் அழுத்தலில் எது வருகிறது?

எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சில டார்ச்சுகள் எப்போதும் மங்கலில் தொடங்கி மேலே போகும். சில, கடைசியாக எதில் அணைத்தோமோ அதிலேயே எரியும். நேற்று முழு வெளிச்சத்தில் அணைத்திருந்தால் இன்றைக்கு நள்ளிரவில் அதுதான் கண்ணில் அடிக்கும். சிலவற்றில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேராகக் குறைந்த மோடுக்கே போகலாம். திருகிக் கூட்டும் வளையம் வைத்தவையும் உண்டு. அழுத்திப் பிடிப்பதும் வளையமும் புதிதாக வாங்குகிறவர்களுக்கு நல்லவை.

அப்புறம், விட்டுவிட்டு மின்னும் மோடு சாதாரண வரிசைக்கு நடுவில் வருகிறதா என்று பாருங்கள். மாடிப்படியில் இறங்கும்போது தவறுதலாக அது வந்துவிட்டால் அடுத்த படி எங்கே என்றே தெரியாது. அப்படிப்பட்டதை நான் வாங்கவே மாட்டேன்.

படி 3: ‘இத்தனை மணி நேரம் எரியும்’ என்றால் என்ன?

டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 என்ற தரநிலைப்படி, தொடக்க வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம்தான் எரியும் நேரம். 400 லூமெனில் 2 மணி நேரம் என்று எழுதியிருந்தால் இரண்டு மணி நேரமும் 400 இருக்கும் என்று அர்த்தமில்லை. சின்ன டார்ச் சீக்கிரம் சூடாகும். சூடு தாங்காமல் சில நிமிடங்களிலேயே தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை. நீங்கள் நெடுநேரம் பயன்படுத்தப் போவது நடுத்தர மோடைத்தான். அதன் நேரத்தை ஒப்பிடுங்கள்.

படி 4: செல்

எப்போதாவது எடுப்பீர்கள் என்றால், எங்கும் கிடைக்கும் பென்சில் செல் (ஏஏ) போடுவது வசதி. ஆனால் அல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளே விட்டால் கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும்; கழற்றி வையுங்கள். தினமும் எடுப்பவர்களுக்கு சார்ஜ் செய்யும் லித்தியம் அயன் நல்லது. ஒரு எச்சரிக்கை: 14500 என்ற லித்தியம் அயன் செல் பார்க்க ஏஏ செல் மாதிரியே இருக்கும். ஏஏ 1.5 வோல்ட், இது 3.7 வோல்ட். டார்ச்சின் குறிப்பில் இதைப் போடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

மழையில் எடுத்துப் போவதானால், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 சாரலைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும்.

படி 5: குழாயடியில் ஒரு சோதனை

சில டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு, விளக்கை நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்து எரியவிடும். வேகம் போதவில்லை என்றால் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அறையை இருட்டாக்குங்கள், குழாயை மெல்லிசாகத் திறந்துவிடுங்கள், டார்ச்சைக் குறைந்த மோடில் வைத்து விழுகிற தண்ணீரின் மேல் அடியுங்கள். தண்ணீர் ஒரே சரடாக வழவழவென்று தெரிந்தால் சரி. முத்து முத்தாக அறுந்து நிற்பது போலத் தெரிந்தால் அந்த டார்ச் விளக்கை விட்டுவிட்டுத்தான் எரிக்கிறது. படிக்கப் பயன்படுத்துவதானால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியே வெள்ளைச் சுவரிலும் அடித்துப் பாருங்கள். நடுவில் மட்டும் சுள்ளென்று ஒரு புள்ளி விழுந்தால் அது தூரப் பார்வைக்கு. பரவலாக விழுந்தால் வீட்டுக்குள் கைவேலைக்கு.

வாங்கியாயிற்றா? இன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே குறைந்த மோடை வரவழைத்துப் பாருங்கள். பத்துத் தடவை தப்பாமல் வந்த பிறகு தலையணைப் பக்கத்தில் வையுங்கள்.