பெரிய சம்பளம், நீண்ட ஒப்பந்தம்: பேஸ்பால் அணிகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி ஆல்பர்ட் பூஹோல்ஸை 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அதற்கு முன் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக 11 சீசன் ஆடி 445 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது, கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்தார். பேட்டிங் சராசரி .328, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 328 ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி). லீக்கின் சிறந்த வீரர் விருது மூன்று முறை, லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கோப்பை இரண்டு முறை. இப்படி ஒருவர் சந்தைக்கு வந்தால் எந்த முதலாளிக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் கையெழுத்தான அடுத்த மாதமே அவருக்கு 32 வயது. ஒப்பந்தம் முடியும்போது 41. ஏஞ்சல்ஸில் அவருடைய சராசரி .256 ஆக இறங்கியது. கடைசி ஆண்டான 2021-இன் மே மாதத்தில், சீசன் பாதிகூட ஆகாத நிலையில், அணியே அவரை விடுவித்தது.

பேஸ்பாலில் இது ஏன் இவ்வளவு பெரிய சுமையாகிறது? அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் ஒப்பந்தங்கள் முழு உத்தரவாதம் உள்ளவை. ஐபிஎல்லில் ஒரு வீரர் சரிப்படவில்லை என்றால் அடுத்த ஏலத்துக்கு முன் விடுவித்துவிடலாம், சம்பளக் கணக்கும் அதோடு முடிந்தது. பேஸ்பாலில் வீரரை வெளியே அனுப்பினாலும் மீதி ஆண்டுகளின் பணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். காயம்பட்டு உட்கார்ந்தாலும் கொடுக்கவேண்டும். அதனால் தவறு எதுவானாலும் கையெழுத்து போடும் நாளிலேயே நடந்துவிடுகிறது. பிறகு நாம் பார்ப்பதெல்லாம் அதன் விளைவு.

முதல் தவறு, முடிந்துபோன ஆட்டத்துக்குப் பணம் கொடுப்பது. இதில் லீக்கின் விதிமுறைக்கும் பங்கு உண்டு. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்தால்தான் ஒரு வீரர் தன் விருப்பப்படி அணி மாறமுடியும். முதல் சில ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் வாங்குவார். 2025-இல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பெரும்பாலான வீரர்கள் சந்தைக்கு வரும்போது முப்பதை நெருங்கியிருப்பார்கள் அல்லது தாண்டியிருப்பார்கள். உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் மலிவாகப் போய்விடுகின்றன, இறங்குமுக ஆண்டுகளுக்கு உச்ச விலை. அணி நிர்வாகம் பார்க்கவேண்டியது அடுத்த ஐந்து ஆண்டில் இவர் என்ன செய்வார் என்பதை. பழைய விருதுகளைப் பார்த்து மயங்கினால் பணம் போச்சு.

பூஹோல்ஸ் ஒப்பந்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பளம் 2012-இல் 1.2 கோடி டாலரில் தொடங்கி 2021-இல் 3 கோடியில் முடிந்தது. நன்றாக ஆடும் வயதில் குறைவு, 41 வயதில் உச்சம். முதல் இரண்டு மூன்று ஆண்டு பட்ஜெட்டில் இது வசதியாகத்தான் தெரியும். அந்தச் சுமை பின்னால் வரும் மேலாளரின் தலையில் விடியும். அந்தப் பத்து சீசனில் ஏஞ்சல்ஸ் பிளேஆஃபுக்குப் போனது ஒரே ஒரு முறை, 2014-இல். அங்கேயும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்தத் தலைமுறையின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான மைக் ட்ரவுட் போன்ற ஒருவரை அணியில் வைத்துக்கொண்டு இப்படி ஆனது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். பூஹோல்ஸ் ஒருவரால்தான் இப்படி ஆனது என்று சொல்லமுடியாது. ஆனால் நல்ல பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்கள்) போகவேண்டிய பணத்தில் கணிசமான பங்கு அங்கே சிக்கிக்கொண்டது.

இரண்டாவது தவறுதான் என் கணக்கில் மிக மோசமானது: யாரும் அவசரப்படுத்தாதபோது அவசரப்படுவது. ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் 2010 ஏப்ரலில் ரையன் ஹோவர்டுக்கு 5 ஆண்டு, 12.5 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தது. அப்போதிருந்த ஒப்பந்தமே 2011 சீசன் வரை இருந்தது. வேறு எந்த அணியும் அதுவரை அவரைத் தொடமுடியாது. இரண்டு சீசன் பொறுத்துப் பார்த்திருக்கலாம். 2011 அக்டோபரில் கார்டினல்ஸுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம், 1-0 என்று பின்தங்கிய நிலை, கடைசி அவுட். பந்தைத் தரையில் அடித்துவிட்டு முதல் பேஸை நோக்கி ஓடத் தொடங்கிய ஹோவர்டு பாதி வழியிலேயே விழுந்தார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. புதிய ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமே ஆனது. பழைய ஹோவர்டு திரும்பி வரவில்லை.

நான்கு ஆண்டு கழித்து டெட்ராய்ட் டைகர்ஸும் இதையே செய்தது. 2014 மார்ச்சில் மிகெல் கப்ரேராவின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. அதன் மேல் 8 ஆண்டு, 24.8 கோடி. அந்த எட்டில் முதல் ஆண்டு, 2016, அருமையாக ஆடினார்: 38 ஹோம் ரன். அதன்பின் எந்த சீசனிலும் 16-ஐத் தாண்டவில்லை.

ஒரே ஒரு நல்ல சீசனை வைத்து விலை போடுவதும் பழைய வியாதி. ஜக்கோபி எல்ஸ்பரி 2011-இல் 32 ஹோம் ரன் அடித்தார். அதற்கு முன் எந்த சீசனிலும் 10-ஐத் தொட்டதில்லை, அதற்குப் பின் 16-தான் அதிகபட்சம். யாங்கீஸ் அவருக்கு 7 ஆண்டு, 15.3 கோடி கொடுத்தது. 2017-க்குப் பிறகு காயங்களால் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

அப்புறம், தள்ளிப்போட்டால் கடன் கரைந்துவிடும் என்ற நினைப்பு. நியூயார்க் மெட்ஸ் பாபி போனியாவுக்கு 2000-ஆம் ஆண்டுக்காகத் தரவேண்டியிருந்தது 59 லட்சம் டாலர். அதை அப்போதே கொடுக்காமல் 8 சதவீத வட்டியோடு தள்ளிவைத்தார்கள். பலன்: 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் 11.9 லட்சம் டாலர். மொத்தம் கிட்டத்தட்ட 3 கோடி.

பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் கதையில் எல்லாத் தவறும் சேர்ந்து வருகிறது. 2016 ஜனவரியில் 7 ஆண்டு, 16.1 கோடி. அதில் 4.2 கோடியைத் தள்ளிவைத்து 2037 வரை கொடுக்கிறார்கள். 2018-இல் அவர் சராசரி .168, போதிய வாய்ப்பு பெற்ற வீரர்களில் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அப்படியும் அந்த ஆண்டு 128 ஆட்டங்களில் இறக்கினார்கள். இதுதான் அடுத்த தவறு: கொடுத்த பணத்துக்காகவே ஆடவைப்பது. உட்காரவைத்தாலும் அதே பணம்தான் போகும். ஆடவைத்தால் ஆட்டமும் சேர்ந்து போகிறது, ஓர் இளைஞனின் இடமும் போகிறது. 2018-இல் தொடங்கி 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை அடிக்க முயன்று ஒரு ஹிட்கூட வராமல் நின்றார் டேவிஸ். சொந்த மைதானத்திலேயே கூச்சல்.

ரசிகர்களான நாம் செய்யும் தவறு அந்தக் கூச்சல். கேட்டு வாங்கியதற்காக ஒரு வீரரைத் திட்டுவதில் நியாயமே இல்லை. நீட்டியது முதலாளி. அதுவும் ஆறு ஆண்டு குறைந்த சம்பளத்துக்கு ஆடவைத்த அமைப்பு இது.

காயத்தால் கெட்ட ஒப்பந்தத்தையும் கணிப்புப் பிழையால் கெட்டதையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியில்லை. 2019 உலகத் தொடரை வென்ற வாஷிங்டன் நேஷனல்ஸின் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க், ஆண்டனி ரெண்டோன் இருவரும் அந்த டிசம்பரில் ஆளுக்கு 7 ஆண்டு, 24.5 கோடி வாங்கினார்கள். ஸ்ட்ராஸ்பர்க் அதே அணியில் இருந்தார், ரெண்டோன் ஏஞ்சல்ஸுக்குப் போனார். ஸ்ட்ராஸ்பர்க் அதன்பின் எட்டே ஆட்டங்களில் பந்து வீசினார். ரெண்டோன் எந்த சீசனிலும் 58 ஆட்டத்தைத் தாண்டவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்குக்கு முழங்கை அறுவை சிகிச்சை முன்பே ஆனது, ஆகவே அங்கே எச்சரிக்கை மணி இருந்தது. முப்பதை எட்டாத ரெண்டோனை எடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். அதே நேஷனல்ஸ் 2015-இல் மேக்ஸ் ஷெர்சருக்கு 7 ஆண்டு, 21 கோடி கொடுத்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டையும் ஒரு கோப்பையும் பார்த்தது. நீண்ட ஒப்பந்தம் எல்லாமே வீண் என்று சொல்வதற்கில்லை.

இப்போது கவனிக்கவேண்டியது ஹுவான் சோட்டோ. 2024 டிசம்பரில் மெட்ஸ் கொடுத்தது 15 ஆண்டு, 76.5 கோடி. அவருக்கு வயது 26, தள்ளிவைத்த பணம் எதுவும் இல்லை. மொத்தத் தொகையைப் பார்த்து வாய் பிளப்பதை விட்டுவிட்டு முதல் ஐந்து ஆண்டைப் பாருங்கள். 2029 சீசன் முடிந்ததும் அவர் விலகிக்கொள்ளலாம். விடக்கூடாது என்றால் மெட்ஸ் மீதிப் பத்து ஆண்டுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் கூடுதலாகத் தரவேண்டும். அன்றைக்கு அவருக்கு 31 வயது ஆகியிருக்கும்.