முதல் ஸ்கேனுக்கு வருகிறீர்களா? கவுண்டரில் இருப்பவள் சொல்கிறேன்

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரின் கவுண்டரில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது என் வேலை. நத்தம், வேடசந்தூர் பக்கமிருந்து நாள் தள்ளிப்போய் வரும் பெண்களிடம், பெயர் கேட்பதற்கு முன்பே தேதியைக் கேட்டுவிடுவேன்.

கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் ஆரம்பித்தது? இதற்குச் சரியான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பலர் தலைக்குக் குளித்த தேதியைச் சொல்வார்கள். எங்களுக்கு வேண்டியது ரத்தம் பட்ட முதல் நாள், வாரக் கணக்கு அதிலிருந்துதான். நடுவில் இரண்டு மூன்று நாள் விழும். ஆறாவது வாரத்தில் கரு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளர்கிறது, அதனால் அந்த மூன்று நாள் சின்ன விஷயமில்லை. தேதி நினைவில்லை என்றால் பண்டிகையை வைத்து யோசியுங்கள். "கார்த்திகைக்கு நான் விளக்கேத்தல, அத்தைதான் ஏத்துனாங்க" என்று ஒரு பெண் சொன்னதை வைத்தே காலண்டரில் தேதியைப் பிடித்திருக்கிறோம். மாதாமாதம் ஒழுங்காக வருமா, நாற்பது நாள் வரை இழுக்குமா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கார்டில் இரண்டு கோடு வந்த மறுநாளே ஓடி வர வேண்டாம். ஐந்தாவது வாரத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பை தெரியும், அவ்வளவுதான். வலியோ ரத்தக்கசிவோ இல்லாதவர்கள் ஏழு, எட்டு வாரத்தில் வந்தால் கருவும் துடிப்பும் தெளிவாகத் தெரியும். முன்பு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் கரு தங்கியவர்கள் மட்டும் நாள் தள்ளியதுமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெறும் வயிற்றோடு வராதீர்கள். இது ரத்தப் பரிசோதனை இல்லை. மசக்கை நேரத்தில் காலியான வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்தால் வாந்திதான் வரும். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தண்ணீரை பஸ் ஏறும் முன் குடிக்காதீர்கள், பாவம், இறங்குவதற்குள் முட்டிக்கொண்டு வந்துவிடும். டோக்கன் வாங்கிய பிறகு மூன்று நான்கு டம்ளர் குடித்தால் போதும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்க மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். உள்வழியாகப் பார்க்க அது காலியாக இருக்க வேண்டும்.

ஆமாம், உள்வழி ஸ்கேன். கரு சின்னதாக இருந்தாலோ, வயிற்று வழியாகச் சரியாகத் தெரியாவிட்டாலோ டாக்டர் அதைச் சொல்வார். மெல்லிய குழல் போன்ற கருவியில் ஆணுறை மாட்டி, ஜெல் தடவி, பிறப்புறுப்பு வழியே கொஞ்ச தூரம் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு அழுத்தம் இருக்கும். உடம்பை இறுக்காமல் மூச்சை விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் கரு கலையாது. கூட ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொல்லலாம். புடவையோ தனி பேன்ட் உள்ள சுடிதாரோ வசதி.

இப்போது என் பங்கு: படிவம் எஃப். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டப்படி, வீட்டு முகவரி, எத்தனை பிள்ளைகள், அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை, யார் அனுப்பினார்கள் என்று எல்லாம் எழுத வேண்டும். மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் அரசுக்குக் கணக்கு போக வேண்டும், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எங்களுக்குத் தலைவலி. ஆகவே டாக்டர் சீட்டு, ஆதார் இரண்டும் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லக் கூச்சப்படுபவர்கள் அதை எழுதிக் காட்டினாலே போதும். ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். அப்படியும் சில மாமியார்கள், "பேர் யோசிச்சு வைக்கணும், அதுக்குத்தான்" என்று என்னிடம் குழைவார்கள். சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். தவிர, எட்டு வாரத்தில் அது யாருக்கும் தெரியாது.

உள்ளே டாக்டர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள், அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்ப்பது: கரு கருப்பைக்குள் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, துடிப்பு உண்டா, நீளம் எவ்வளவு. அளந்து முடித்ததும் காட்டச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு அரிசிப் பருக்கை, அதன் நடுவே படபடவென்று ஒரு மினுக்கல். ரிப்போர்ட்டில் எஸ்எல்ஐயுஜி என்று இருந்தால், ஒரே கரு, உயிரோடு, கருப்பைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். சிஆர்எல் என்பது கருவின் நீளம். எட்டு வாரத்தில் சுமார் 16 மில்லிமீட்டர். பிரசவத் தேதியை இதை வைத்துச் சரிபார்ப்பார்கள். பிந்தைய ஸ்கேன்களில் வேறு வேறு தேதி வரும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அந்தப் பளபளப்பான படத்தை லேமினேட் செய்யாதீர்கள், சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலரிடம் "பத்து நாள் கழித்து வாங்க" என்பார்கள். படியிறங்கும்போதே அழுதுகொண்டு போவார்கள். கருமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் நீங்கள் ஏழு வாரம் என்று கணக்குப் போட்டது உண்மையில் ஐந்தரை வாரமாக இருக்கும். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது சகஜம். பை 25 மில்லிமீட்டர் ஆகியும் உள்ளே கரு இல்லை, அல்லது கரு 7 மில்லிமீட்டர் ஆகியும் துடிப்பு இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டிய கட்டம். அப்போதும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே ஸ்கேனை நம்பி, மெடிக்கலில் வாங்கிய கருக்கலைப்பு மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள்.

காத்திருக்கும் நாட்களில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தினாலோ, தோள்பட்டை வலித்தாலோ, தலைசுற்றி விழப்போனாலோ பத்து நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாம் நன்றாக இருந்தால் அடுத்தது என்டி ஸ்கேன், கருவின் பின்கழுத்தில் இருக்கும் நீரின் அளவைப் பார்ப்பது. 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்தாக வேண்டும், தவறவிட்டால் அந்த அளவைப் பிறகு எடுக்க முடியாது. அதனால் கவுண்டரைத் தாண்டும் முன்பே அந்தத் தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். 12 வாரத்துக்குள் கிராம நர்ஸிடம் பதிவும் செய்துவிடுங்கள், அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு அது வேண்டும்.