மலையகத்து உடம்பைச் செயலிக்குப் புரியவைப்பது எப்படி?

உடற்பயிற்சிச் செயலி செய்கிற தம்பி தங்கைகளே, முதல் திரையில் வயது, உயரம், எடை கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இன்று என்ன வேலை செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி சேருங்கள். பதில் வரும்வரை எந்த இலக்கும் கொடுக்க வேண்டாம்.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். விடிய எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலை ஏறுகிறார். போன் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கிடக்கும், கொண்டுபோனாலும் மழைக்குப் பயந்து பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்திருப்பார். கூடைக்கயிறு தலையில் இழுக்க, சரிவில் காலை ஊன்றி நின்று பறித்து, செடிக்குச் செடி சின்னச் சின்னதாக நகர்கிற அந்த நடையைப் போனில் உள்ள அசைவுமானி சரியாக எண்ணாது. பொழுது சாய வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் "இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை" என்று செய்தி. அந்தச் செயலியை அவர் ஏன் வைத்திருக்க வேண்டும்?

அதனால் அவர் பேசுகிற கணக்கிலேயே கேளுங்கள். முழுப் பேரா (முழு நாள் சம்பளம்), அரைப் பேரா (அரை நாள் சம்பளம்)? எத்தனை கிலோ? மழையா, வெயிலா? கொழுந்தை எடை போட்டதுமே கிலோ அவருக்குத் தெரிந்துவிடும், மறக்கவும் மாட்டார். ஆனால் கிலோவை மட்டும் நம்பி உழைப்பை அளக்கக் கூடாது, ஏனென்றால் கொழுந்து இல்லாத வறட்சிக் காலத்தில் கொஞ்சக் கிலோவுக்கே நிறைய அலைய வேண்டும். கூடவே முழங்கால், இடுப்பு, தோள் எப்படி இருக்கிறது என்று படம் காட்டிக் கேளுங்கள், வலிக்கிற இடத்தைத் தொட்டால் போதும். கடுமையான நாள் என்று தெரிந்தால் அன்றைக்கு உட்கார்ந்து எழும்புகிற பயிற்சி எதற்கு? முதுகைத் தளர்த்த ஐந்து நிமிடம், அப்புறம் தூக்கம்.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது, வேலையில் செய்கிற உழைப்பும் அதில் சேரும். 10,000 அடி என்பதோ 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதை எல்லாருக்கும் பொது இலக்காக வைக்காதீர்கள்.

இன்னொன்று கட்டாயம். கிலோவும் பேரும் சம்பளத்தோடு ஒட்டிய விவரம், வலியும் அப்படித்தான், தோட்ட நிர்வாகத்தின் கைக்குப் போனால் அந்த அக்காவுக்கே வினையாகிவிடும். அவற்றைப் போனுக்குள்ளேயே வைத்திருங்கள், வெளியே அனுப்பாதீர்கள். இதை முதல் திரையிலேயே தெளிவான தமிழில் சொல்லுங்கள்.

கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் வருகிற பையனுக்குப் பிரச்சினை வேறு. கொழும்புக் கடலோரக் காலிமுகத்திடலில் சமதரையில் ஓடியவன் 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் ஏற்றத்தில் ஓடினால் வேகம் குறையும், நெஞ்சு வேகமாக அடிக்கும். உடல்தகுதி குறைந்துவிட்டது என்று செயலி முடிவு கட்டக் கூடாது. ஏறிய உயரத்தையும் கணக்கில் எடுங்கள். போனில் காற்றழுத்தமானி இல்லையென்றால் வரைபடத்தின் உயர விவரத்தைப் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லாவிட்டால், ஓடும்போது பேச முடிந்ததா என்று கேளுங்கள், பேச முடிந்தால் மிதமான உழைப்பு.

சாப்பாட்டைக் கலோரியில் கேட்க வேண்டாம். எத்தனை ரொட்டி, தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி, அவ்வளவுதான்.

பல வீடுகளில் போன் ஒன்றுதான், அம்மாவின் கணக்கில் மகன் கிரிக்கெட் விளையாடிய அடிகள் ஏறும். செயலியைத் திறந்ததும் "இப்போது போன் யாரிடம்?" என்று கேட்டுப் பெயரைத் தொட வையுங்கள். சிக்னல் இல்லாத மலை மடிப்பிலும் எல்லாம் வேலை செய்ய வேண்டும்.

வெளியிடுவதற்கு முன் ஒரு மழை வாரத்தில் தோட்டத்துக்குப் போய், வேலை முடிந்து வருகிறவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஈரக் கைக்குத் திரை கேட்கிறதா, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று கவனியுங்கள். எந்தக் கேள்வியில் அவர்கள் போனைக் கீழே வைக்கிறார்களோ அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.