காணியில் முதலிடப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

காணி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "பேர்ச் என்ன விலை?" என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இதை விற்க இவருக்கு உரிமை இருக்கிறதா, வாங்க எனக்கு உரிமை இருக்கிறதா? கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கியவர் சில வருடம் பொறுத்திருந்து மீண்டுவிடலாம். உரிமை இல்லாத காணியை வாங்கியவருக்கு அந்த வழியும் கிடையாது.

நம்முடைய பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது பேமிட் காணி, அதாவது அரசின் அனுமதிப் பத்திரத்தில் இருக்கும் காணி. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலும் அம்பாறையின் குடியேற்றக் கிராமங்களிலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு பகிர்ந்து கொடுத்த காணிகள் ஏராளம். சிலரிடம் பேமிட் மட்டும் இருக்கும். சிலரிடம் ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அளிப்புப் பத்திரம் இருக்கும். இரண்டுமே சாதாரண உறுதிக்கு, அதாவது முழு உரிமையைக் காட்டும் பத்திரத்துக்கு, சமமல்ல. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. ஆனால் நடப்பது என்ன? உறுதிக் காணியை விட விலை குறைவு என்றதும் ஆசை வந்துவிடுகிறது. ஒரு தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சியை வைத்துக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். பேமிட்காரர் உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை வராமல் இருக்கலாம். அவர் இறந்ததும், பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவராக, பெயர் குறிக்கப்பட்ட பிள்ளை வந்து காணியைக் கேட்டால் உங்கள் தாள் அவரைத் தடுக்காது. அதனால் பேச்சைத் தொடங்கும்போதே "உறுதிக் காணியா, பேமிட்டா?" என்று கேளுங்கள். பேமிட் என்றால் முற்பணம் கொடுப்பதற்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போய் காணிக் கிளையில் விசாரியுங்கள்.

சரி, உறுதிக் காணிதான் என்று தெரிந்துவிட்டது. அதோடு மனம் ஆறிவிடக் கூடாது. நம் ஊர்களில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் தமிழரிடமும் இருக்கிறது, முஸ்லிம்களிடமும் இருக்கிறது. மகள் பெயருக்கு உறுதி எழுதும்போது தாய் தன் சீவிய உரித்தை வைத்துக்கொள்வது உண்டு. அப்படியானால் மகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றாலும், தாய் உயிரோடு உள்ளவரை அனுபவிக்கும் உரிமை தாயிடமே இருக்கும். உறுதியின் கடைசிப் பக்கம்வரை லோயரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

அதைவிடச் சிக்கலானது பிரிக்கப்படாத பங்கு. பாட்டனாரின் காணியில் எட்டில் ஒரு பங்கு என்று உறுதியில் இருக்கும். விற்பவர் மூலைக்குப் போய் "இதுதான் என் துண்டு" என்று வேலியைக் காட்டுவார். அந்த வேலி சட்டப்படி எதையும் பிரிக்கவில்லை. நீங்கள் வாங்குவது முழுக் காணியிலும் எட்டில் ஒரு பங்கைத்தான். மற்றப் பங்காளர்களில் ஒருவர் சுவிஸில், ஒருவர் கனடாவில், இன்னொருவர் இறந்து பிள்ளைகள் எங்கே என்று தெரியாத நிலையில் இருக்கலாம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், ஆனால் அது வருடக்கணக்கில் இழுபடும். புதிதாக முதலிடுகிறவர் இப்படிப்பட்ட காணியைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பங்காளர்கள் எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினை உறுதி எழுதி, நில அளவையாளர் படம் கீறி முடித்த பிறகு வாங்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவருக்காக ஒருவர் அற்றோணித் தத்துவத்தோடு (அவர் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) வந்தால், தத்துவம் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கட்டாயம் விசாரியுங்கள். அவர் இறந்த நாளோடு அந்தப் பத்திரத்தின் பலமும் முடிந்துவிடும். வீடியோ அழைப்பில் அவரோடு நேரே பேசுவதில் தவறே இல்லை.

முற்பணத்தை வாய்ப்பேச்சில் கொடுப்பதும் பழைய தவறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் உள்ளவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். எழுதிய உறுதியைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதியுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றிருந்தால், நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் பக்கமே சட்டம் நிற்கும். வாங்குவதற்கு முன், குறைந்தது 30 வருடப் பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு (கடனுக்காக அடகு), வழக்கு எதுவும் இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியவரும்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வையை மறந்துவிடுகிறார்கள். பொதுவாக முதல் 1 இலட்சத்துக்கு 3%, மிகுதிக்கு 4%. 50 இலட்சம் ரூபாய்க் காணிக்கு அது 1,99,000 ரூபாய். நொத்தாரிசுக் கட்டணம் வேறு. இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது சட்டப்படி பிழை. பிறகு நீங்கள் விற்கும்போது இலாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும்.

காணியை ஆடி, ஆவணியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மார்கழி மழையில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது, பாதை எங்கே மறைகிறது என்று தெரியும். மண் போட்டு மூடிய வயல் என்றால் இன்னும் கவனம். கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் கடலோரமாக வாங்குகிறவர்கள், கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதை விலை பேசும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த நம்மவர்களுக்கு ஒன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். தொடர்மாடி வீடுகளுக்கும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இந்தத் தடையைத் தாண்ட மச்சான் பெயரில் வாங்குகிறார்கள். பணம் உங்களுடையது, காணி மச்சானுடையது. அவருக்கு ஏதும் நடந்தால் அது அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் போகும். முதலில் இரட்டைக் குடியுரிமையை எடுங்கள், பணத்தையும் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக அனுப்புங்கள். பிறகு விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டுபோக அதுவே வழி.

இங்கிருந்து வெளிநாட்டில் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே கேள்விதான்: வாங்க எனக்கு உரிமை இருக்கிறதா? சென்னையில் ஒரு வீடு என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் இலங்கைப் பிரசைகள் இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வீடு வாங்க முடியாது, ஐந்து வருடம்வரையான குத்தகைக்கு மட்டும் விலக்கு. கனடா 2023 ஜனவரியில் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை போட்டு, அதை 2027 வரை நீட்டியது. டுபாயில் வெளிநாட்டவருக்கென ஒதுக்கிய பகுதிகளில் வாங்கலாம், ஆனால் கட்டி முடிக்காத வீட்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் அது அந்தத் திட்டத்துக்கென்றே பணத்தைப் பிரித்து வைக்கும் பாதுகாப்புக் கணக்குக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்தைக் கழித்த பிறகே வாடகை வருமானத்தைக் கணக்கிடுங்கள். எந்த நாடானாலும் பணத்தை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றும் வழியில், அனுப்பாதீர்கள். 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் அனுப்பும் நேரத்தில் எவ்வளவு, எந்த நோக்கத்துக்கு அனுப்பலாம் என்பதை உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முகவரோடு பேச உட்காருங்கள்.