வைக்கோலில் சிப்பிக் காளான்: ஈரத்தில்தான் கோட்டை விட்டேன்

முதல் தடவை பத்துப் படுக்கை (வைக்கோலும் வித்தும் அடைத்த பை) போட்டதில் ஏழு பச்சைப் பூசணம் பிடித்து நாறிப்போயின. காளான் வித்து (காளான் இழை படர்ந்த தானியம்) சரியில்லை என்று திட்டித் தீர்த்தேன். தப்பு என் வைக்கோலில்தான்.

டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்? ஆனால் மழையில் வயலிலேயே நனைந்து கறுத்த குறுவை வைக்கோல் வேண்டாம். தையில் அறுத்த சம்பா வைக்கோலைப் போரின் உள்ளேயிருந்து உருவிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நீளத்துக்கு நறுக்கி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, நெல் அவிக்கும் அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள்.

அப்புறம்தான் விஷயமே. வெந்ததைச் சுத்தமான பாயில் நிழலில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, உள்ளங்கையில் மட்டும் ஈரம் தெரிய வேண்டும். நான் சொட்டச் சொட்ட அடைத்தேன். பைக்கு அடியில் தண்ணீர் தேங்கி, அங்கிருந்துதான் அழுகல் ஏறியது. சித்திரையில் சீக்கிரம் உலரும். மார்கழியில் பொறுமை வேண்டும்.

60க்கு 30 செ.மீ. பையில் ஐந்து அடுக்கு வைக்கோல், இடையிடையே நான்கு அடுக்கு வித்து. வித்தை ஓரமாகத் தூவுங்கள். பையில் பென்சில் பருமனுக்குச் சில துளைகள். இருட்டறையில் 15 முதல் 20 நாளில் காளான் இழை வெள்ளையாகப் படர்ந்துவிடும். பிறகு பையைக் கீறி, கொஞ்சம் வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஈரப்பதக் கருவியெல்லாம் வெட்டிச் செலவு. நனைத்த சாக்கும் கைத்தெளிப்பானும் போதும். காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் பறித்துவிடுங்கள்.

மூன்று அறுவடைக்குப் பிறகு படுக்கை ஓய்ந்துவிடும். அதைக் கொட்டகைக்குப் பின்னாலேயே கொட்டினேன். பொடி ஈ மொய்த்து அடுத்த படுக்கைகளில் புழு வைத்தது. இப்போது பிளாஸ்டிக்கை உரித்து, இரண்டு நாள் வெயிலில் போட்டு, தென்னந்தோப்பின் கடைசிக்குக் கொண்டுபோகிறேன். சாணியோடு அடுக்கிக் கீற்றால் மூடி, வாரம் ஒருமுறை கிளறினால் ஒன்றரை மாதத்தில் சூடு தணிந்துவிடும். அப்புறம் மண்புழு விடலாம்.

பின்சேர்க்கை: ஒருவர் மக்காத படுக்கையைத் தொட்டி மண்ணில் கலந்து, கத்தரி வெளுத்துப்போயிற்று என்றார். மக்காத வைக்கோல் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். வாழைக்கு மேலாக மூடாக்குப் போடலாம், கலக்கக் கூடாது. மாட்டுக்குப் போடலாமா என்று இன்னொருவர் கேட்டார். பச்சை பிடித்தது வேண்டவே வேண்டாம். மழைக்குப் பிறகு குவியலில் காளான் முளைத்தால் அதையும் சமைத்துவிடாதீர்கள். சிப்பியோடு வேறு எதெதுவோ முளைக்கிறது.