பள்ளி வாரியமும் வாக்குச்சீட்டும்: கலிஃபோர்னியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் முதன்முறையாக வாக்களிப்பவர்களில் பலர், அதிபர் அல்லது ஆளுநர் தேர்வை முடித்ததும் களைத்துப்போய், வாக்குச்சீட்டின் அடியில் இருக்கும் பள்ளி வாரியப் பதவிகளையும் உள்ளூர் வரித் தீர்மானங்களையும் நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். பள்ளி வாரியம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்படும் குழு. அந்தப் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிப்பதும், ஆசிரியர் சங்கத்துடனான ஊதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவதும், ஒரு பள்ளியை மூடுவதும் அந்த வாரியத்தின் அதிகாரத்தில் உள்ளவை. 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் மூன்று வாரிய உறுப்பினர்களை ஒரே தேர்தலில் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

பள்ளிக்காகக் கடன் திரட்டும் கடன் பத்திரத்தையும், மதிப்பைப் பாராமல் மனை ஒவ்வொன்றுக்கும் விதிக்கப்படும் மனை வரியையும் ஒன்றெனக் கருதுவது இதைவிடப் பெரிய தவறு. 2000-ஆம் ஆண்டில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 39-ஆவது முன்மொழிவின்படி, 55 சதவீத வாக்குகள் கிடைத்தால் பள்ளிக் கடன் பத்திரத் தீர்மானம் நிறைவேறிவிடும்; ஆனால் அந்தப் பணத்தைக் கட்டடங்களுக்கும் தளவாடங்களுக்கும் செலவிடலாமே தவிர, ஊதியமாகத் தரக் கூடாது. ஊதியத்துக்கு உதவக்கூடிய மனை வரியை வாரியம் முன்வைத்தால், மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். கூரைக்குப் பணம் திரட்டுவதைவிட அதன் கீழே நின்று கற்பிப்பவருக்குத் திரட்டுவது கடினம் என்ற இந்த ஏற்பாடு எனக்குக் கோணலாகவே படுகிறது. "புதுக் கட்டடம் எழுகிறது, ஆசிரியரை மட்டும் ஏன் நீக்குகிறார்கள்?" என்று கோபப்படுவோர் பலரும் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

ஆசிரியர்களுக்குத் தெருவில் கிடைக்கும் ஆதரவு அப்படியே வாக்காகிவிடும் என்றும் நம்பக் கூடாது. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் 30,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பெற்றோரில் பலர் அவர்களோடு மழையில் நின்றார்கள். அதே ஆண்டு ஜூனில் வாக்கெடுப்புக்கு வந்த மனை வரியோ பாதி வாக்குகளைக்கூட எட்டவில்லை.

எல்லாப் பழியையும் உள்ளூர் வாரியத்தின் மேல் போடுவதும் சரியல்ல. 1978-இன் 13-ஆவது முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்கும், மதிப்பின் ஆண்டு உயர்வை 2 சதவீதத்துக்கும் கட்டுப்படுத்தியதிலிருந்து, பள்ளிப் பணத்தின் கடிவாளம் மாநில அரசின் கைக்குப் போய்விட்டது. அந்த நிதி மாணவர் வருகையைப் பொறுத்தது என்பதால், வருகை குறைந்தால் பணமும் குறையும். ஆனால் மாநில பட்ஜெட் உறுதியாவது ஜூனில். ஆசிரியருக்குப் பணிநீக்க முன்னறிவிப்பைத் தர வேண்டிய கடைசி நாளோ மார்ச் 15. ஆகவே 'பிங்க் ஸ்லிப்' என்று அழைக்கப்படும், மார்ச்சில் வரும் இந்த அறிவிப்புகள் அனைத்தும் வேலையிழப்பில் முடிவதில்லை; பல பின்னர் திரும்பப் பெறப்படுகின்றன. ஆயினும் பணிமூப்பு குறைந்த இளம் ஆசிரியர்களே பெரும்பாலும் முதலில் அந்தத் தாளைப் பெறுவதால், சிலர் காத்திராமல் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார்கள்.

குடியுரிமை இல்லாத பெற்றோர் தமக்கு இதில் பங்கே இல்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. வாரியக் கூட்டங்களில் எவரும் பேசலாம். சான் பிரான்சிஸ்கோ 2016-இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, அத்தகைய பெற்றோர் அந்நகரப் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கவும் முடியும். அந்த உரிமை மற்ற ஊர்களிலும் இருக்கும் என்று ஊகித்து வாக்காளராகப் பதிவு செய்துகொண்டால், விசாவுக்கும் பச்சை அட்டைக்கும் ஆபத்து நேரலாம்.